பத்தடித் தடம்

கோவையில் கணபதிப் பக்கம் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு இரண்டு புறமும் லேத் பட்டறைகள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டும்வரை இரும்பு கடைகிற சத்தம் ஓயாது. பத்தொன்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குள்தான் குடும்பம் நடத்தினேன். பக்கத்து வீட்டில் ஏதாவது கேட்டால் காதில் விழாத மாதிரி உள்ளே போய்விடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என்னைப் போலப் பேசக் கூச்சப்படுகிற ஒருத்திக்கு அது எவ்வளவு வசதியான இடம் என்பது அங்கிருந்து கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

லைன் வீட்டுக்காரர் மொத்த இடத்தையும் விற்றுவிட்டு, ஆனி மாதக் கடைசிக்குள் எல்லாரையும் காலி செய்யச் சொன்னார். எங்கள் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். நூல் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். இந்த வயதுக்கு மேல் வாடகை வீடு தேடி அலைய முடியாது, சின்னதாக ஒன்றை வாங்கிவிடலாம் என்றார். அன்னூரைத் தாண்டி சத்தியமங்கலம் போகிற ரோட்டில், ரோட்டைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள மில்களில் லோடு ஏற்றி ஏற்றி அவருக்கு ஊரே பழக்கம். டவுன் விலையில் பாதிக்கும் கீழே ஒரு வீடு இருப்பதாக யாரோ சொல்ல, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

முன்னால் தளம் போட்ட ஒரு கட்டடம், பின்னால் ஓடு வேய்ந்த ஓர் அறை, சமையல்கட்டு, ஒரு முருங்கை மரம், ஐந்து சென்ட் இடம். வீட்டை விற்கிறவர் வயதானவர், திருப்பூரில் மகனோடு போய் இருந்துகொண்டார். என் வீட்டுக்காரர் போர்வெல் எத்தனை அடி, கரண்ட் எந்த லைன் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு மயில் கத்தியது. அது நின்றதும் ஒன்றுமே கேட்கவில்லை. இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். அது நல்லதா கெட்டதா என்று யோசிக்கவில்லை.

அந்த வீடு ரோட்டை ஒட்டி இல்லை. முன்னால் இன்னொருவர் வீடும் களமும் இருந்தன. அவர்கள் இடத்துக்குள்ளேயே, வீட்டுக்கும் களத்துக்கும் நடுவில், பத்தடி அகலத்தில் ஒரு தடம். அந்தத் தடத்தில் நடந்து, அவர்கள் வாசலையும் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியையும் தாண்டினால்தான் எங்கள் கேட். காலங்காலமாக அதில்தான் போக்குவரத்து என்று விற்கிறவர் சொன்னார். சொன்னது உண்மைதான். ஆனால் லோனுக்குப் பேப்பரைக் கொடுத்தபோது, தடம் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை என்று பேங்க் வக்கீல் சொல்லிவிட்டார். முன்வீட்டார் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து தடப் பாத்தியத்துக்கு, அதாவது எங்களுக்கு அதில் நடக்க உரிமை உண்டு என்பதற்கு, கையெழுத்துப் போட்டால் லோன் வரும். இல்லையென்றால் வராது.

நாங்கள் முன்வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுக்காரர் ஐம்பத்தெட்டு அறுபது வயதுக்காரர், சிரித்த முகம். களத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“அதுக்கென்னங்க, போட்டுக் குடுத்தறேன். இப்ப ஆடி பொறந்துரும். பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு ஒட்டுக்கா ஆபீசுக்குப் போயிரலாமுங்க.”

அவருடைய மனைவி நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். நான் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் நின்றேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்று திரும்பி வந்தோம்.

கிரயம் ஆகாமல் குடிபோவது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆனி முடிவதற்குள் லைன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். விற்கிறவர் நல்ல மனிதர். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, கார்த்திகை மாதம் முடியும்வரை கெடு வைத்து அக்ரிமெண்ட் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டார். கெடுவுக்குள் கிரயம் செய்யாவிட்டால் அட்வான்ஸ் போகும், வீடும் போகும். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். முன்வீட்டுக்காரர் வந்து ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, முருங்கைக்குக் கம்பளிப்புழு மருந்து எது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனைவி ஆட்டை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எனக்கு அங்கேயே ஒரு மில்லில் வைண்டிங் பிரிவில் வேலை கிடைத்தது. காலை ஏழேகாலுக்கு ரோட்டில் மில் வேன் நிற்கும். மெஷின் சத்தத்தில் அங்கே எல்லாரும் கைஜாடையில்தான் பேசுவோம். எட்டு மணி நேரமும் எனக்கு நன்றாக இருக்கும். வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம். அந்த ஊரில் ஒருத்தர் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். நான் பாத்திரம் வைக்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. சாமான் மூட்டைகளில் பாதியை அவிழ்க்கவில்லை. அவிழ்ப்பதும், இன்னும் கிரயமே ஆகவில்லையே என்று திரும்பக் கட்டி வைப்பதுமாக இருந்தேன். ஓரிடத்தில் உட்கார முடியாது. முன்வாசலுக்குப் போவேன், பின்வாசலுக்கு வருவேன். தடத்தில் நடக்கும்போதெல்லாம் முன்வீட்டில் யாராவது பார்த்துச் சிரித்தால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தையைத் தயார் செய்துகொண்டு போவேன். சொல்ல வேண்டிய நேரத்தில் அது வாயில் வராது. தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் போய்விடுவேன்.

ஆடி பிறந்து பத்தாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முன்வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அந்த மனிதர் விடியற்காலையில் தொட்டிக்குத் தண்ணீர் விடப் போனவர் அங்கேயே விழுந்திருக்கிறார். தூக்கி வண்டியில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் அப்போது மகாராஷ்டிராவில் எங்கோ இருந்தார். போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பல்லடத்தில் இருக்கிற என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டதும் சொல்லிவிட்டார்.

“பால் காச்சிப் பதினஞ்சு நாளுதான ஆவுது. நாப்பத்தெட்டு நாளு முடியாம எழவூட்டுக்குப் போவக் கூடாது அம்மணி. கதவச் சாத்திக்கிட்டு இரு.”

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சாங்கியத்துக்குப் பயந்து நான் போகாமல் இருக்கவில்லை. எங்கள் பக்கம் இழவு வீட்டுக்குப் போகிற பெண்கள், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். தெரிந்தவரோ தெரியாதவரோ, போனதும் கையை நீட்டி, தோளில் தலையை வைத்து, நாலு வார்த்தை சொல்லி அழ வேண்டும். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே வராது. என் சொந்தப் பெரியம்மா சாவில்கூட என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். பின்னால் இருந்த ஒருத்தி, “பாரு, கல்லாட்ட நிக்கறா” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் நாத்தனார் கொடுத்த காரணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் வேலைக்குப் போக வேண்டும். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, லீவு சொன்னால் சூப்பர்வைசர் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். ஜன்னலில் பார்த்தேன். தடத்தின் மேலேயே பந்தல் போட்டுவிட்டார்கள். நாற்காலிகள், ஆட்கள், நடுவில் உடலைக் கிடத்தியிருந்த பெஞ்சு. சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து போய் வேன் ஏற முடியுமா? பின்வாசலுக்கு வந்தேன். கிளுவை வேலியில் நாய் புகுந்து புகுந்து ஒரு சந்து உண்டாகியிருந்தது. பையை முதலில் அந்தப் பக்கம் போட்டேன். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தேன். அது அடுத்தவர் சோளக்காடு. வரப்பில் நடந்து, கால்கிலோமீட்டர் சுற்றி, வேனுக்கு ஓடினேன். சாயங்காலமும் அப்படியே திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அதே வழி. மூன்றாம் நாள் காரியத்துக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், அன்றும் அதே வழி.

காட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் யாரும் இல்லாத காடு கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் நேராகத் துக்கம் கேட்கப் போய்விட்டார். எனக்கு அவர் மாதிரி இருக்க வராது. போய், உட்கார்ந்து, அரை மணி நேரம் இருந்துவிட்டு முகம் வாடி வந்தார். “எல்லாரும் பேசறாங்க, அந்தம்மா மட்டும் என்னைய நிமுந்தே பாக்கல” என்றார். மறுநாள் பத்திர எழுத்தரைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். இறந்தவரின் வாரிசுகள் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கத்தான் போனோம். எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வில்லங்கச் சான்றைப் புரட்டினார்.

“எடம் அவரு பேர்லயே இல்லீங்களே. அந்தம்மா பேர்ல இருக்குது. அவங்க பொறந்த ஊட்டுல எழுதிக்குடுத்தது. அவங்க ஒருத்தரு போட்டாப் போதுமுங்க.”

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். வீட்டுக்காரருக்கு ஒரு வகையில் நிம்மதி, ஒரே கையெழுத்துதானே என்றார். எனக்கு நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் புருஷனும் கேட்கவில்லை. தன் இடத்தைப் பற்றி இரண்டு ஆண்கள் பேசி முடிவு செய்ததைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த அம்மாவின் தம்பி பக்கத்து ஊர்க்காரர். அக்காவுக்குத் துணையாகத் தன் மனைவியோடு வந்து தங்கியிருந்தார். அவரிடம் என் வீட்டுக்காரர் பேச்சைத் தொடங்கினார். நான் எங்கள் கேட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் பேசினார்.

“அதுக்கில்லீங்க. உங்க ஊட்டுக்காரம்மாதான் பொறவால வழி கண்டுபுடிச்சுட்டாங்களே. எங்க மச்சான் பொணம் கெடக்கறப்ப அதுலதான போனாங்க, வந்தாங்க. அப்பறம் இந்தத் தடம் எதுக்குங்க உங்குளுக்கு?”

வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு வீட்டில் பெரிய பேச்சு. போகாமல் இருந்தது ஒரு தப்பு, வேலிச் சந்தில் நுழைந்து போனது பெருந்தப்பு என்றார். சோளக்காட்டுக்காரர் நாளைக்கே சந்தை அடைத்தால் எங்கே போவாய், பறந்து போவாயா என்றார். “எதையாச்சும் சொல்லு, ஒரு வார்த்த சொல்லு” என்று கத்தினார். அப்புறம் அவரே சாப்பிட வைத்தார். இரண்டு நாளில் லோடு வந்தது, கிளம்பிவிட்டார். கிளம்பும்போது, இது பொம்பளைகளுக்குள் நடந்த விஷயம், நீதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. நாற்பத்தெட்டு நாள் கழிந்ததால் பால் காய்ச்சின காரணமும் கையைவிட்டுப் போயிற்று. இப்போது போனால் துக்கம் கேட்கப் போனதாக யார் நம்புவார்கள்? கையெழுத்துக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். போகாவிட்டால், அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை என்பார்கள். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் அது இன்னும் கெட்டுக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சேலை கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போவேன். முன்வீட்டில் பேச்சுக் குரல் கேட்டால், ஆள் இருக்கிறது என்று திரும்பிவிடுவேன். குரல் கேட்காவிட்டால், தூங்குகிறார்கள் என்று திரும்பிவிடுவேன். உள்ளே வந்து சேலையை அவிழ்த்து மடித்து வைப்பேன். வேலை நேரத்தில் நூல் அறுந்தது தெரியாமல் நின்று, இரண்டு தடவை திட்டு வாங்கினேன். தடத்தில் வேலிக்கல் எதுவும் நடவில்லை, யாரும் மறிக்கவில்லை. நான் நடந்தால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தொட்டிப் பக்கம் அந்த அம்மா நின்றால், நான் கடந்து போகிறவரைக்கும் வாளியையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஐப்பசியில் விற்கிறவர் திருப்பூரிலிருந்து போன் செய்தார். வேறு ஒருவர் வீட்டைக் கேட்கிறார் என்றும், கெடு முடிந்தால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றும் தணிவாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்தேன். அவிழ்த்த மூட்டையும் அவிழ்க்காத மூட்டையும் கிடந்தன. இதைவிட்டுப் போனால் போவதற்கு இடம் இல்லை. லைன் வீட்டை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியே கட்டியிருந்த சேலையோடு கேட்டைத் திறந்துகொண்டு போனேன். இன்னும் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

களத்தில் கடலைச்செடி குவித்து வைத்திருந்தது. அந்த மனிதர் ஆனியில் விதைத்த கடலை. அந்த அம்மாவும், தம்பியும், தம்பி மனைவியும் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இழவு வீட்டில் வருகிறவரை வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். அது எனக்கு உதவியாக இருந்தது. நானும் ஒன்றும் சொல்லாமல் போய்க் குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஒரு செடியை எடுத்துக் காய் ஆய ஆரம்பித்தேன். மண் ஈரமாக இருந்தது. ஒரு கூடை நிறைகிற வரைக்கும் அப்படியே போயிற்று.

அந்த அம்மாதான் முதலில் கேட்டார். தலை நிமிரவில்லை.

“கையெழுத்துக்கு வந்தீங்களா அம்மணி?”

இல்லை என்று சொல்லத்தான் நான் நினைத்திருந்தேன். துக்கம் கேட்க வந்தேன் என்று சொல்ல வேண்டும் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மனப்பாடம் செய்திருந்தேன்.

“ஆமாங்க” என்றேன்.

தம்பி சிரித்துவிட்டார். “கேட்டியாக்கா, ஆமாங்கறாங்க பாரு.”

“நீ சித்தச் சும்மா இரு” என்றார் அந்த அம்மா.

எனக்கு அதற்கப்புறம் வாய் நிற்கவில்லை. எப்போதாவதுதான் எனக்கு அப்படி ஆகும். ஆனால் சத்தம் ரொம்பத் தணிவாகத்தான் வந்தது.

“அன்னைக்கே வந்திருக்கோணுமுங்க. பால் காச்சியிருக்குது, போவக் கூடாதுன்னு சொன்னாங்க. அது நெசந்தானுங்க. ஆனா அவங்க சொல்லலீன்னாலும் நான் வந்திருக்க மாட்டனுங்க. எனக்குப் பயமுங்க.”

“எதுக்குப் பயம்? எங்கூட்டுக்காரரப் பாத்தா?”

“இல்லீங்க. உங்களக் கட்டிப்புடிச்சு அழுகோணுமல்லங்க. எனக்கு அது வராதுங்க.”

தம்பி மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அம்மா கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். முந்தானையில் மண்ணைத் துடைத்தார்.

“எனக்குந்தான் வரல” என்றார். “மூணு நாளும் வந்தவங்கெல்லாம் எம்மேல உழுந்து உழுந்து அழுதாங்க. எனக்கு முதுகுதான் வலிச்சுது. யாரு யாரு வந்தாங்கன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். உங்களையும் பாத்தேன். பைய வேலிக்கு அந்தப் பக்கம் வீசிப்போட்டு நொழஞ்சீங்க. எங்கூட்டு ஜன்னல்ல தெரியுமல்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எழவு விழுந்த ஊட்டுல உக்காந்துக்கிட்டு நானு சிரிச்சுப்போட்டேன் அம்மணி. அத நெனச்சுத்தான் எனக்கு உங்க மேல கோவம்” என்றார்.

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அவரைப் பார்க்காமலே பேசிக்கொண்டு போனார்.

“அவருகிட்டக் கேட்டீங்க, அவரு சரீன்னாரு. எடம் எங்கப்பன் எனக்குக் குடுத்தது. எங்கிட்ட ஒருத்தருங் கேக்கல.”

“தெரியாமப் போச்சுங்க.”

“தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். “என்னால கேட்டிருக்க முடியாதுங்க. எங்கூட்டுக்காரரு கேட்டிருப்பாருங்க” என்றேன்.

“இப்பக் கேளுங்க.”

நான் கேட்டேன். தடத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று முழுதாகக் கேட்டேன். அந்த அம்மா கூடையைத் தம்பி மனைவியிடம் தள்ளிவிட்டு, தீபாவளி அமாவாசை கழியட்டும் என்றார். முதல் வருஷ துக்கம், அதற்குள் படியிறங்குவதற்குச் சொந்தபந்தம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்புறம், “அந்தப் பொறவாசச் சந்த அடச்சுப்போடுங்க. அதிருந்தா நான் வரமாட்டேன்” என்றார்.

“ஆகட்டுங்க” என்று எழுந்தேன். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். வேறெதுவும் சொல்லத் தெரியாமல், வழக்கமாகச் சொல்கிறது வாயில் வந்துவிட்டது.

“போயிட்டு வாரேனுங்க.”

துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர் அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். தம்பி மனைவி ‘ச்சு’ என்று நாக்கைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி கையில் எடுத்த செடியோடு அப்படியே நிறுத்தினார். எனக்கு அங்கேயே புதைந்து போகலாம் போல இருந்தது.

அந்த அம்மா இன்னொரு செடியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“வாங்க. வராம எங்க போவீங்க? தடம் இதுதான.”

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன், திரும்பவும் பற்றவைத்தேன். அந்தப் பதிலில் கோபம் இருந்ததா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தம்பிக்குச் சொன்னாரா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அமாவாசைக்கு அப்புறம் வருகிறார்களாம் என்று மட்டும் சொன்னேன். சந்தை அடைக்க வேண்டுமாம் என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அந்த வாரமே வந்து, நாலு கல்கால் நட்டு, முள்கம்பி இழுத்துக் கட்டினார். கட்டும்போது முன்வீட்டு ஜன்னலில் ஆள் நிழல் தெரிந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

கார்த்திகை முதல் வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனோம். அந்த அம்மா தம்பியோடு பைக்கில் வந்தார். நிறம் மங்கிய சேலை, கையில் ஒரு துணிப்பை. எழுத்தர் படித்துக் காட்டியபோது, தண்ணித்தொட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கும், அதை எடுக்கச் சொல்லக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள். லாரியைத் தடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று இன்னொரு வரி. என் வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் சரி என்றார். தம்பி கடைசிவரைக்கும் சுவரில் சாய்ந்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கையெழுத்தைப் போட்டார், விரலில் மையை வைத்தார், கேமராவைப் பார்த்து உட்காரச் சொன்னபோது என்னைப் பார்த்தார். முந்தானை சரியாக இருக்கிறதா என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டினேன். பதினைந்து நாளில் லோன் வந்து எங்கள் கிரயமும் முடிந்தது.

மூட்டைகள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். வீட்டுக்கு வெள்ளையடித்தோம். ஆனாலும் ஓரிடத்தில் உட்காருகிற பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. தம்பி குடும்பம் தங்கள் ஊருக்குப் போய்விட்டதால் முன்வீட்டில் அந்த அம்மா தனியாகத்தான் இருக்கிறார். தினமும் காலையில் நான் வேனுக்குப் போகும்போது வாசலில் நின்று ஏதாவது ஒன்று கேட்பார். என்ன குழம்பு, மகள் போன் பண்ணினாளா, வண்டி இப்போது எந்த ஊரில் நிற்கிறது. சமைக்கும்போதே பதிலை யோசித்து வைத்துக்கொள்கிறேன். சொன்னதும் இன்னொரு கேள்வி வந்துவிடுகிறது, அதற்குப் பதில் இருக்காது.

சில நாள் என்னால் முடிவதில்லை. அன்றைக்குக் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் ஆட்டுக்கொட்டகைக்குள் போகட்டும் என்று கேட்டுக்குப் பின்னால் நிற்பேன். வாளிச் சத்தம் கேட்டதும், செருப்புச் சத்தம் வராமல், தடத்தின் அந்த ஓரமாக வேகமாக நடப்பேன். நேற்றும் அப்படித்தான் பாதித் தூரம் போய்விட்டேன். கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வேன் வர இன்னம் அஞ்சு நிமிசம் இருக்குது அம்மணி. மெல்லப் போங்க.”